பாதிக் கூடு

தளி ஊர்ல சலோமி டீச்சர்கிட்ட ஸ்வெட்டர் பின்னக் கத்துக்கிட்ட பத்துப் பேர்ல ஒருத்தர்தான் ஆம்பள. பேரு முனிரத்தினம். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். டீச்சரைவிட இருபது வயசு மூப்பு.

அன்னிக்கு வந்ததும் வராததுமா ஒரு ஸ்வெட்டரைத் தூக்கி மேசைமேல போட்டாரு.

"இது மூணாவது, டீச்சர். இதையும் மடிச்சு டிரங்குப் பெட்டியில வச்சிட்டா."

சம்சாரம் கெம்பம்மாவைத்தான் சொன்னாரு. அந்தம்மா விடியறதுக்கு முன்னாடி ரோஜாத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகும். தளிப் பனி எலும்புல இறங்குற பனி. போன மார்கழியில மூச்சிழுப்பு வந்து ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்துச்சு. இந்த மார்கழிக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு.

"என்ன குறைன்னு கேட்டீங்களா அண்ணே?"

"கேட்டா 'நல்லாருக்கு'ங்கறா. நல்லாருந்தா போட வேண்டியதுதானே? என் பழைய காக்கிச் சட்டை ரெண்டை ஒண்ணுமேல ஒண்ணா மாட்டிக்கிட்டுப் போறா. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

டீச்சர் ஸ்வெட்டரைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. தூக்கணாங்குருவிக் கூடு மாதிரியே பின்னல். காஞ்ச புல்லு நிறம். ஒரு கண்ணி பிசகல.

"பின்னல்ல தப்பில்லையே."

"அப்ப குருவிகிட்ட எதையோ கத்துக்காம விட்டுட்டேன். அது என்னன்னு சொல்லுங்க."

பைக்குள்ளேர்ந்து ஒரு கூட்டை எடுத்து வச்சாரு. ஏரிக்கரை ஈச்சமரத்தடியில மழைக்காலம் பூரா உக்காந்து பாத்துப் படிச்ச கூடு.

"இதென்ன, பாதியில நிக்குது?"

எரிச்சல்லயும் அவருக்கு ஒரு பெருமை. "அது அப்படித்தான் டீச்சர். ஆண்குருவி பாதி கட்டிட்டு நிறுத்திடும். கூட்டுல தொங்கிக்கிட்டு இறக்கையைப் படபடன்னு அடிச்சுக் கூப்பிடும். பொட்டக்குருவி வந்து உள்ள பூந்து, இழுத்துப் பாத்து, பிடிச்சாத்தான் மிச்சம். இல்லேன்னா அதை விட்டுட்டு வேற கட்டும். இது பிடிக்காமப் போன கூடு."

"நீங்க?"

"நான் என்ன அரைகுறையா விடற ஆளா? அவ கண்ணுல படாம முழுசாப் பின்னி, இஸ்திரி போட்டு, பேப்பர்ல சுத்தித்தான் குடுத்தேன். மூணையும்."

டீச்சர் பெருமூச்சு விட்டாங்க. கத்தரிக்கோலை எடுத்து ரெண்டு கையோட தையலையும் வெட்டினாங்க. கழுத்துல இருந்த முடிச்சை அவுத்து நூலைப் பிடிச்சு ஒரே இழுப்பு.

"ஐயோ டீச்சர்! நாப்பது நாள் வேலை!"

நெஞ்சு வரைக்கும் பிரிஞ்சதும் நிறுத்தினாங்க. கண்ணிங்களை ஒவ்வொண்ணா ஊசியில கோத்து, நூல் தொங்கத் தொங்க அவர் கையில குடுத்தாங்க.

"கிளம்புங்க. அவங்க இப்ப வீட்லதானே இருப்பாங்க?"

"இந்தப் பாதியைத் தூக்கிட்டுப் போய் அவ முன்னாடி நிக்கறதா? நின்னு என்னத்தச் சொல்ல? நான் பஸ் ஓட்டினவன் டீச்சர். எனக்கு ஹாரன் அடிக்கத்தான் தெரியும்."

டீச்சர் கதவைத் திறந்து விட்டாங்க.

"ஹாரன் வேணாம் அண்ணே. இறக்கையை அடிங்க."