பால் பொங்கிய மொழிபெயர்ப்பு

சொன்னதைச் சொன்னபடி செய்கிற மாணவர்கள் வேண்டாம் என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா? மங்களநாயகி மேடத்துக்கு அப்படி மூன்று பேர் வாய்த்தார்கள்: சவரியப்பன், இசக்கிராஜா, தங்கபுஷ்பம். முதுகலையில் மொழிபெயர்ப்பியல். செய்முறைத் தேர்வில் ஏற்கெனவே தோற்றாயிற்று. இந்தத் தடவையும் போனால் பட்டம் கிடையாது. ஊரிலோ தங்கபுஷ்பத்தின் அப்பா, பட்டமளிப்புப் படம் மாட்டுவதற்குச் சுவரில் ஆணியே அடித்துவிட்டார்.

மேடம் ஒரு மலையாளக் கதையைக் கொடுத்தார்.

"மூலத்தைப் படிச்சவங்களுக்கு என்ன ஆச்சோ, அதுவே தமிழ்ல படிக்கிறவங்களுக்கும் ஆகணும். மொழிபெயர்ப்பாளர் கண்ணுலயே படக்கூடாது. கோட்பாடு இவ்வளவுதான், மறந்துடாதீங்க."

மறப்பார்களா? நேரே கேன்டீனுக்குப் போய், படித்தால் என்ன ஆகிறது என்று பார்க்க, அங்கே சமைக்கும் மலையாளத்துக்கார ஓமனா சேச்சியிடம் கதையை நீட்டினார்கள். சேச்சி பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுப் படித்தார். முதல் பக்கத்தில் சிரித்தார். அடுத்ததில் பொலபொலவென்று அழுதார். இசக்கிராஜா இரண்டையும் குறித்துக்கொண்டான். பால் அடுப்பில் இருக்கும்போது கதை படித்தவர்களுக்குத் தெரியும், அடுத்து என்ன நடக்கும் என்று. பொங்கி வழிந்தது. "அய்யோ, பால்!" என்று ஓடினார்.

"பாலையும் எழுதிக்கிடவா?" என்றான் இசக்கிராஜா.

"லே, அது அடுப்புல இருந்த பாலுல்லா," என்றான் சவரியப்பன்.

"படிக்கும்போதுதான பொங்குச்சு?" என்றாள் தங்கபுஷ்பம். "போன தடவை மூலத்துல இருந்ததை விட்டுட்டோம்னுதான் ஃபெயிலாக்குனாங்க. விட்டுறாத."

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். நியாயமாகத்தான் பட்டது.

தேர்வு நாள். வேறு கல்லூரியிலிருந்து அருணகிரி சார் மதிப்பெண் போட வந்தார், கூடவே மேடமும். மாணவர்களைக் காணோம், மேசைமேல் தாள்கட்டு மட்டும் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, கட்டைப் பிரித்தார்.

மேசைவிரிப்புக்குள்ளிருந்து ஒரு கோழி இறகு அவர் உள்ளங்காலைத் தடவியது. கெக்கெக்கென்று சிரித்தார். பிறகு அடியில் சரக் சரக்கென்று சின்ன வெங்காயம் நறுக்கும் சத்தம். சார் கண்ணில் தாரை தாரையாக நீர். உள்ளே இருந்த மூவருக்கும்தான். அந்த நேரம் பார்த்து மூலையில் மின்அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கியது.

"அய்யோ, பால்!" என்று ஓடினார் சார்.

"சொல்லுகூட மாறலை!" என்று மேசைக்கடியில் மூக்கை உறிஞ்சியபடி ஒரு குரல் பூரித்தது.

சார் அடுப்பை அணைத்தார், கண்ணைத் துடைத்தார், தாளைப் பார்த்தார்.

"என்ன மேடம் இது? கதை மலையாளத்துலயே இருக்கு! ஒரு வரிகூடத் தமிழ் இல்லையே!"

மேடம் விரிப்பைத் தூக்கப் போனார்.

"தூக்காதீங்க மேடம்! கண்ணுல பட்டா ஃபெயில்!" மூன்று கைகள் விரிப்பைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டன.

பிறகு உள்ளேயிருந்து தங்கபுஷ்பம் பணிவாகக் கேட்டாள்:

"சார், உங்களுக்கு மலையாளம் தெரியும்லா? அது என்ன கதைன்னு எங்களுக்குக் கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்களேன். சேச்சி எதுக்கு அழுதாங்கன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியலை."