வயலில் கழற்றிய சப்பாத்து

"ரீச்சர், வானம் கடைசியா எங்கட பக்கம் வந்திருக்குது. பிறகேன் இந்த முகம்?" என்று கேட்டார் தில்லையம்பலம்.

யோகமலர் ரீச்சர் கண்ணாடி யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

கனடாவின் நடுச் சமவெளி. தை மாதம். தொடையளவு பனி கிடக்கவேண்டிய நிலத்தில் மண் தெரிந்தது.

வானொலி இந்த இதமான குளிர்காலத்தை வாழ்த்திக்கொண்டிருந்தது. நகரம் கொண்டாடியது. நகரத்துக்குக் கோதுமை கடையில் விளைகிறது.

ரீச்சர் ஒரு காலத்தில் முல்லைத்தீவில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே வந்து கோதுமைக்காரியானவர். தில்லையம்பலம் வன்னியில் நெல் விதைத்தவர். வயதில் ரீச்சருக்கு மூத்தவர். ஆனாலும் பக்கத்து நிலத்தை வாங்கிய அன்றே ரீச்சரின் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, "படிக்க வந்திருக்கிறன்" என்று உட்கார்ந்தார்.

படித்தார். ஒன்றைத் தவிர.

"அறுத்த பயிரின்ர தாளை முழங்கால் உயரத்துக்கு விடுங்கோ, அண்ணை. அதுக்கு நடுவில விதையுங்கோ" என்று ரீச்சர் சொல்லியிருந்தார்.

"சவரம் செய்யாத மூஞ்சி மாதிரி வயல் கிடக்கிறதோ? எங்கட ஊரில சிரிப்பாங்கள்."

நிலத்தோடு ஒட்ட வெட்டினார். மிச்சத்தை எரித்தார். துடைத்து வைத்த வயலில் குளிர்காலக் கோதுமையை விதைத்தார். இலையுதிர்காலத்தில் முளைத்து, குளிர் முழுக்க உறங்கி, சித்திரையில் எழும் பயிர் அது.

நிலங்களை வாங்கிக் குவிக்கும் நிறுவனத்தின் ஆள் ஒருநாள் வேலியோரம் வண்டியை நிறுத்தினான்.

"எப்போது விற்கப் போகிறீர்கள்?"

"சித்திரை முடியேக்கை இந்த வயலில ஒரு பச்சைகூடத் தெரியாட்டி, நிலம் உனக்கு. போ!"

அவன் சிரித்தான். அப்படிப்பட்டவர்கள் எதையும் மறப்பதில்லை.

மாசியில் குளிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் பனி. கூடவே காற்று.

விடிந்ததும் தில்லையம்பலம் ஓடிவந்தார்.

"ரீச்சர்! என்ர பனியை உங்கட வயல் களவெடுத்துப் போட்டுது!"

பொய்யில்லை. அவருடைய வயல் மொட்டையாகக் கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், ரீச்சரின் வயலில், ஒவ்வொரு தாளின் பின்னாலும் பனி ஒதுங்கி உட்கார்ந்திருந்தது.

"வேணுமெண்டால் அள்ளிக்கொண்டு போங்கோ."

தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டினார். அவர் திரும்புவதற்குள் காற்று அதை ரீச்சரிடமே கொண்டுவந்து சேர்த்தது.

"காற்றும் உங்கட கட்சியோ?"

"காற்றுக்குக் கட்சி இல்லை, அண்ணை."

"போகட்டும். பனி பயிரைக் கருக்கும் எண்டுதான் நான் கேள்விப்பட்டது. அது விழாட்டி நல்லதுதானே?"

"கையுறையைக் கழற்றுங்கோ."

கழற்றினார். காற்று விரல்களைக் கடித்தது.

"இப்ப உள்ளுக்கு விடுங்கோ. மண்ணைத் தொடுமட்டும்."

ரீச்சரின் வயலில் மண்டியிட்டு, தாள்களுக்கு நடுவே, முழங்கை வரை பனிக்குள் கையை விட்டார்.

மேலே மீசையில் மூச்சு உறைந்துகொண்டிருந்தது. கீழே குளிர் தணிந்தது. அடைகோழியின் வயிற்றுக்கு அடியில் கை வைத்தது போல் இருந்தது.

விரல் நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. மெல்லப் பனியை விலக்கிப் பார்த்தார்.

பச்சை இலை.

அவர் அவசரமாக அதை மூடினார். உறங்கும் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டவர் போல.

மண்டியிட்டபடியே கேட்டார்.

"என்ர வயல் செத்துப்போச்சுதோ, ரீச்சர்?"

"இன்னும் இல்லை. வாற கிழமை குளிர் இன்னும் கூடும்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"என்னட்டை வரேக்கை சப்பாத்தை எங்கே கழற்றுவீங்கள்?"

"வாசலில."

"இண்டைக்கு அங்கே கழற்றுங்கோ."

ரீச்சரின் விரல் அவருடைய மொட்டை வயலின் நடுவைக் காட்டியது.

"கால் விறைச்சுப் போகுமே, ரீச்சர்!"

"கோதுமைக்கு இப்ப அப்பிடித்தான் இருக்குது."

"ஒரு வயலுக்கு ரெண்டு சப்பாத்து காணுமோ?"

"காணாது."

அவர் போனார். உயரமான பனிச் சப்பாத்துகளைக் கழற்றி நிறுத்தினார். காற்று தள்ளாதபடி உள்ளே கற்களைப் போட்டார். காலுறையோடு குதித்துக் குதித்து ஓடிவந்தார். ரீச்சர் வெந்நீர் வைத்துக் காத்திருந்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

அன்று மாலை யன்னலால் பார்த்தபோது, சப்பாத்துகளின் பின்னால் இரண்டு சின்ன வெள்ளைக் குவியல்கள் இருந்தன.

அடுத்த கிழமை கொடுங்குளிர் இறங்கியது. மண் வெடிக்கும் ஓசை வீட்டுக்குள் கேட்டது.

சித்திரை வந்தது. ரீச்சரின் வயல் பச்சையாக எழுந்தது. உருகிய பனியில் அவருடைய வயலோரக் குட்டை நிரம்பியது. வேலிக்கு இந்தப் பக்கம், தில்லையம்பலத்தின் வயலில், பழுப்பு. அவருடைய குட்டையின் அடியில் வெடித்த சேறு.

நிறுவனத்தின் ஆள் கடதாசியோடு வந்தான். வேலியோரம் நின்று, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கண்ணை ஓட்டினான்.

"ஒன்றுமே இல்லையே. கையெழுத்துப் போடலாமா?" என்று கூவினான்.

தில்லையம்பலம் வேலியோரம் வரவில்லை. வயலின் நடுவில் மண்டியிட்டிருந்தார். அவருக்கு முன்னால் இரண்டு பழைய சப்பாத்துகள் நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும், பாதத்தின் நீளத்துக்கு, பாதத்தின் அகலத்துக்கு, பச்சைக் கோதுமை.

அவன் வயலுக்குள் காலை வைத்தான்.

அவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"சப்பாத்தைக் கழற்று."