திமிங்கலத்தை விரட்டிய பேத்தை மீன்

ஆழ்கடல் பள்ளத்தின் விளிம்பில் ஒரு பவளப்பாறை. அதிலிருந்த பொந்துதான் உப்பிலி என்ற பேத்தை மீனின் வீடு. உடம்பை உப்ப வைப்பதில் உப்பிலி கெட்டிக்காரன். கதை அளப்பதில் அதைவிடக் கெட்டிக்காரன்!

பள்ளத்துக்குள் ஓர் அலகுத் திமிங்கலம் வாழ்ந்தது. கணவாய் தின்றுகொண்டு அடியிலேயே கிடக்கும். மூச்சு வாங்க மட்டும் எப்போதாவது மேலே வரும். பாறையில் யாரும் அதைப் பார்த்ததில்லை. அந்தத் தைரியத்தில் உப்பிலி வாய் கூசாமல் அளந்தான்.

“அவரா? நம்ம ஆளு! மலை மாதிரி உடம்பு! ஈட்டி மாதிரி அலகு! இருபது வரிசைப் பல்லு!”

சொல்லிச் சொல்லி, பாவம், அவனே அதை நம்பிவிட்டான்.

ஒருநாள் ஒரு தடித்த விலாங்கு வந்தது. “டேய், இந்தப் பொந்து எனக்குப் பிடிச்சிருக்கு. நடையைக் கட்டு!”

உப்பிலி பொந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றான். வீடு போனால் எங்கே போவான்? “திமிங்கல அண்ணனைக் கூப்பிட்டேன்னா, நீ சட்னிதான்!” என்று சவடால் விட்டான்.

“கூப்பிடு, பார்ப்போம். வந்தா நான் போயிடறேன்.”

“அண்ணே! திமிங்கல அண்ணே!” உப்பிலி தொண்டை கிழியக் கத்தினான்.

என்ன ஆச்சரியம்! பள்ளத்திலிருந்து ஒரு பழுப்பு உருவம் எழுந்து வந்தது. உடம்பெல்லாம் கீறல். குட்டையான அலகு. துருத்திக்கொண்டு இரண்டே இரண்டு பல். விலாங்கு சட்டென்று பின்வாங்கியது.

“கூப்பிட்டியா தம்பி?” என்று அது கூச்சத்தோடு கேட்டது.

உப்பிலிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. “யாருய்யா நீ, நேரங்கெட்ட நேரத்திலே? தள்ளு! திமிங்கலம் வர்ற வழி!”

“இல்லே தம்பி, நான்தான் அந்த...”

“பேசாதே! ரெண்டு பல்லை வச்சுக்கிட்டு உனக்கு இங்கே என்ன வேலை? போ போ!”

“சரிப்பா, கோவிச்சுக்காதே.” அது மேலே போய் ஒரு மூச்சு வாங்கியது. தண்ணீர் புஸ்ஸென்று பீறிட்டது. பிறகு ஓசைப்படாமல் பள்ளத்துக்குள் இறங்கிப் போயே போய்விட்டது.

பக்கத்து வீட்டுக் கிளிமீன் தலையில் அடித்துக்கொண்டது. “அட மடையா! மேலே போய் மூச்சு விட்டதைப் பார்த்தியா? அதுதாண்டா அலகுத் திமிங்கலம்!”

விலாங்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “உன் சிநேகிதரையே உனக்குத் தெரியலையா?” என்று கேட்டபடி பொந்துக்குள் புகுந்து, சுகமாகச் சுருண்டு படுத்தது.

உப்பிலி ஆத்திரத்தில் உப்பினான். உப்பியதில் பந்துபோல மிதந்து மேலே போனான். அங்கிருந்து தன் வீட்டைப் பார்த்து ஓவென்று அழுதான்.

தான் அறியாத ஒருவரை அறிந்தவர்போல் சொல்லித் திரிபவன், அவரே உதவிக்கு வந்து நின்றாலும் அடையாளம் தெரியாமல் விரட்டிவிடுவான்.