சால்வியா ஓரத்துக்கு வந்த கதை

அந்தக் காலத்தில், பூச்செடிகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், கோத்தகிரிச் சரிவில் மாதி என்ற படுகப் பெண்ணுக்கு ஒரு தோட்டம் இருந்தது. நடுவில் ரோஜா. மரத்தடி நிழலில் குண்டுத் தலையை ஆட்டிக்கொண்டு ஹைட்ராஞ்சியா. அதன் காலடியில் ஒண்டிக் கிடந்தது சால்வியா. அப்போது அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. வெளிறிப்போய்க் கிடந்ததால் மற்றச் செடிகள் அதற்கு வைத்த பெயர் சவலை.

தோட்டத்துக்கு ஒரு தொல்லை. காட்டெருமை ஒன்று காலையில் இறங்கி வந்து, ஓரத்திலிருந்து மேய்ந்துகொண்டே உள்ளே போகும். ஒரு நாள் மாதி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். இன்னொரு தடவை அது உள்ளே வந்தால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு உருளைக்கிழங்கு போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னால் செய்கிறவள்.

செடிகள் கூடிப் பேசின. யாராவது ஓரத்தில் காவல் நிற்க வேண்டும். ஓரத்திலோ நாள் முழுக்க வெயில். வெயில் பட்டால் தனக்கு மயக்கம் வரும் என்றது ஹைட்ராஞ்சியா. உனக்குத்தான் முள் இருக்கிறதே என்று ரோஜாவைக் கேட்டன. அது அழகுக்கு வைத்திருப்பது என்றது ரோஜா.

"நான் நிக்கிறேன்" என்றது சால்வியா.

ரோஜாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏண்டி சவலை, வெட்டுக்கிளி முறைச்சாலே நீ விழுந்துடுவே. காட்டெருமைக்கு ஒரு வாய்க்குக் காணுவியா?"

"காணாட்டி என்னக்கா, தொண்டையில சிக்குவேன்."

அந்தக் காலத்துச் செடிகளுக்கு நடக்கவும் தெரியும். சால்வியா வேரைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போய் ஊன்றி நின்றது. நல்ல வேளையாகக் காட்டெருமை சில நாள் பக்கத்துச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்தது. வெயில் இலையைச் சுருட்டியது, சால்வியா நகரவில்லை. சூரியனுக்கே ஆச்சரியம். என்னைக் கண்டு எல்லாரும் ஒதுங்குகிறார்கள், நீ ஏனம்மா முகத்தைத் திருப்பவில்லை என்று கேட்டான். காரணம் தெரிந்ததும் தன் சிவப்பில் ஒரு கை அள்ளி அதன் தலையில் கொட்டினான். காரமான வாசனையைக் காய்ச்சி இலையில் ஏற்றினான்.

காட்டெருமை திரும்பி வந்தது. சால்வியா நினைத்திருந்தால் வளைந்து ஒதுங்கியிருக்கலாம். அது கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தியது. காட்டெருமை பூவோடு இலையோடு நுனியைக் கடித்து மென்றது. காரம் மூக்கில் ஏறியது. போட்டது பாருங்கள் ஒரு தும்மல், கோத்தகிரி மேகமெல்லாம் மேட்டுப்பாளையத்தில் போய் விழுந்தது. சந்தேகம் இருந்தால் மேட்டுப்பாளையத்தில் விசாரிக்கலாம். இந்த வீட்டுச் சாப்பாடு நமக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுக் காட்டைப் பார்த்து நடந்தது காட்டெருமை.

ரோஜாவின் குரல் இறங்கிவிட்டது. "தலை போயிடுச்சே, தங்கச்சி."

"போனா என்னக்கா? கொஞ்சம் பொறு."

கடித்த இடத்துக்குக் கீழே, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு தலை முளைத்தன. இரண்டும் முன்னதைவிடச் சிவப்பு. மாதி குனிந்து பார்த்தாள், இலையைக் கசக்கி முகர்ந்தாள், சிரித்தாள். விதைக்கு வைத்திருந்த உருளைக்கிழங்கு குழம்புக்குப் போனது.

அன்றையிலிருந்துதான் சால்வியாவை வெயில் விழும் ஓரத்தில் நடுகிறார்கள். வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுகிறார்கள். இதுவரை எத்தனையோ பேர் கிள்ளிவிட்டார்கள். அது குனிந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.