முள்ளம்பன்றியின் மதிப்பெண்

குங்கிலியக் காட்டில் ஆசிரியர்களுக்கென்றே இரண்டு பள்ளிகள் இருந்தன. ஒன்றை மயில் நடத்தியது. இன்னொன்றைச் செம்பி என்ற மலையணில் தன் மரத்தில் நடத்தினாள். அங்கே படித்து முடித்தவர்கள் காட்டின் மூலை முடுக்குக்கெல்லாம் போவார்கள். கழுகு வந்தால் எங்கே ஒளிவது, பாம்பு வந்தால் எப்படித் தப்புவது என்று குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

போனவர்கள் போனவர்கள்தான். குட்டிகளை விட்டுவிட்டு யார் திரும்பி வருவார்கள்?

செம்பிக்கு அதுதான் தீராத ஏக்கம். மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் வெள்ளைச்சி என்ற முயலை ஊசிப்பாறை என்ற தூரத்து மலைக்கு அனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து அந்தத் திசையில் வரும் பறவைகளை எல்லாம் நிறுத்தி விசாரிப்பாள்.

"புறாவே, ஊசிப்பாறை வழியாகவா வந்தே? எங்க வெள்ளைச்சியைப் பார்த்தியா? குட்டிகள் நல்லா இருக்காங்களா?"

"க்கும்... க்கும்... பறக்குற அவசரத்துல கீழே யாரு பார்த்தா?"

"கிளியே, நீயாவது?"

"கீ! கீ! பழமே இல்லாத மலைக்கு நான் எதுக்குப் போறேன்?"

ஒருநாள் முள்ளம்பன்றி வந்தது. காட்டுச் சபை அனுப்பிய அதிகாரி அது. வந்ததும் தொண்டையைச் செருமியது.

"ஒரு காட்டுக்கு ஒரு பள்ளி போதும்! இரண்டையும் அளந்து பார்த்து, ஒன்றை மூடப்போகிறேன்!"

முள்ளம்பன்றி மதிப்பெண் போடும் விதமே தனி. பிடித்திருந்தால் தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி மண்ணில் நடும். பிடுங்கினால் வலிக்குமே! அதனால் அதனிடம் மதிப்பெண் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பாடம் கேட்க உட்கார்ந்திருந்த குட்டிகளைப் பார்த்து, "முதலில் இந்தக் குட்டிகளை எல்லாம் வெளியே அனுப்புங்கள்!" என்றது.

"குட்டிகளை அனுப்பிட்டா யாருக்குப் பாடம் நடத்துறது, ஐயா?" என்று செம்பி கேட்டாள்.

"குட்டிகள் கத்தும். ஓடும். தும்மும். அளவு கெட்டுப்போகும்! நான் அளக்க வந்தது ஆசிரியரை!"

மயிலின் மாணவர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். "கழுகு வந்தால் புதருக்குள் ஓடு! பாம்பு வந்தால் மரத்தில் ஏறு!" என்று முழங்கினார்கள். காடே அதிர்ந்தது.

"ஆஹா!" என்று முள்ளம்பன்றி ஒரு முள்ளைப் பிடுங்கியது. "அய்யோ!" என்று முதுகைத் தடவியது. ஆஹாவும் அய்யோவுமாக ஏழு முள் விழுந்தது.

அடுத்துச் செம்பியின் மாணவியான கீரி வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தது.

"ஐயா, குட்டிகள் எந்தப் பக்கம் உட்காருவாங்க? அங்கிருந்து பார்த்தா ஒளியிற இடம் தெரியுமா?"

"கேள்வி கேட்பது நான்! நீ பாடத்தைச் சொல்!"

"யாருக்கு, ஐயா?"

ஒரு முள்கூட விழவில்லை.

மயில் தோகையை விரித்துக்கொண்டு வந்தது. "செம்பியம்மா, மூட்டையைக் கட்டலாமே! மரத்தை மட்டும் விட்டுட்டுப் போங்க. எங்க பசங்களுக்கு இடம் பத்தலை!"

செம்பி முள்ளம்பன்றியின் பக்கம் திரும்பினாள். "மூடுறதுன்னா மூடிக்கோங்க, ஐயா. ஆனா அதுக்கு முன்னால, எங்ககிட்டப் படிச்சவங்க வேலை செய்யிற இடத்தை ஒரு தடவை வந்து பாருங்க. நானும் வர்றேன். என் வெள்ளைச்சியோட குட்டிகள் உயிரோட இருக்காங்களான்னு தெரியாம என்னால இந்த மரத்தைக் காலி பண்ண முடியாது."

"தூரமா?"

"தூரம்தான்."

"நடையா?"

"உங்க முதுகுல ஏறிக்கிறேன்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா? நடைதான்!"

முள்ளம்பன்றிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிளம்பியது.

செம்பி துணைக்குக் கரிச்சானையும் அழைத்துக்கொண்டாள். கரிச்சான் யார் குரலையும் அப்படியே எடுத்துவிடும் குறும்புக்காரப் பறவை. வழியெல்லாம் முள்ளம்பன்றியின் குரலில், "அளவு கெட்டுப்போகும்! அய்யோ!" என்று கத்திக்கொண்டே வந்தது.

முதலில் மூங்கில் சரிவு வந்தது. மயிலிடம் படித்த காட்டுக்கோழி அங்கே வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. செம்பி கண்ணைக் காட்டினாள். கரிச்சான் இலைகளுக்குள் ஒளிந்துகொண்டு கழுகு மாதிரியே கூவியது.

"க்ளீ... யூ!"

குட்டிகள் எல்லாம் அண்ணாந்து பார்த்தன. நின்ற இடத்திலேயே நெஞ்சை நிமிர்த்தின. "கழுகு வந்தால் புதருக்குள் ஓடு!" என்று ஒரே குரலில் பாடின. ஒன்றாவது ஓடவேண்டுமே!

"டீச்சர், நான் சரியாச் சொன்னேனா?" என்றது ஒரு மான்குட்டி.

"சபாஷ்! இன்னும் சத்தமா!" என்றது காட்டுக்கோழி.

முள்ளம்பன்றி தலையைக் குனிந்துகொண்டு நடந்தது.

மறுநாள் உச்சிவெயிலில் ஊசிப்பாறையை அடைந்தார்கள். தூரத்தில் ஒரு வெள்ளை வால் நுனி தெரிந்தது. அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் தலைகள்!

"வெள்ளைச்சி..." செம்பி முன்னால் தாவினாள். அப்போதுதான் அவள் தரையைப் பார்த்தாள். எங்கும் பாறை. ஒரு புதர்கூட இல்லை! புதருக்குள் ஓடச்சொல் என்றுதானே அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்? இங்கே எங்கே ஓடுவார்கள்?

"கரிச்சானே, வேண்டாம்!" என்று வாயைத் திறப்பதற்குள் அது கூவிவிட்டது.

"க்ளீ... யூ!"

செம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது பாறைமேல் யாருமே இல்லை. எல்லாரும் பாறை இடுக்குகளுக்குள் போயிருந்தார்கள். வெள்ளைச்சி அந்த மலையைச் சுற்றிப் பார்த்து, அதற்கேற்றபடி பாடத்தை மாற்றியிருந்தாள்!

முள்ளம்பன்றி இங்கும் அங்கும் ஓடியது. "எங்கே வகுப்பு? ஒரு காதுகூடக் காணோமே! யாரை அளப்பது?"

செம்பியால் பொறுக்க முடியவில்லை. "வெள்ளைச்சி! நான்தான் செம்பி! மூணு மழை ஆச்சுடி! ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டேன்!"

பதில் இல்லை.

"சொல்லிக்கொடுத்தவள் கூப்பிட்டும் வரவில்லை! என்ன மரியாதை இது?" என்று முள்ளம்பன்றி சிலிர்த்தது.

பின்னாலிருந்து, "வெள்ளைச்சி! நான்தான் செம்பி!" என்று ஒரு குரல் கேட்டது. அச்சு அசல் செம்பியின் குரல். முள்ளம்பன்றி திரும்பினால், கரிச்சான்!

"இப்பச் சொல்லுங்க, ஐயா. கூப்பிட்டதும் வந்திடலாமா?" என்று செம்பி கேட்டாள்.

முள்ளம்பன்றியின் சிலிர்ப்பு அடங்கியது. மெல்லச் சொன்னது: "உங்கள் பள்ளியை மூடமாட்டேன், அம்மணி. அந்தக் காட்டுக்கோழியையும் உங்களிடமே அனுப்புகிறேன். இன்னொரு முறை படிக்கட்டும். நீங்கள் இருந்து, அந்த முயலைப் பார்த்துவிட்டு வாருங்கள்."

செம்பி தலையை அசைத்தாள். "கழுகுச் சத்தம் கேட்டா வெயில் சாயுற வரைக்கும் யார் கூப்பிட்டாலும் வராதேன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். வரமாட்டா. அதுவரைக்கும் மரமில்லாத மலையில ஒரு அணில் நிக்க முடியுமா? நிஜக் கழுகு வந்திடும்."

அவள் ஒரு பாறை இடுக்கின் அருகே போனாள். சூடான பாறையில் கையை வைத்தாள். பிறகு இறங்கத் தொடங்கினாள்.

அடிவாரத்து மரங்களை எட்டும்போது வெயில் சாய்ந்தது. மேலே பாறையிலிருந்து குரல்கள் வந்தன.

"ஒண்ணு!" கட்டைக் குரல். "ரெண்டு!" சளி பிடித்த குரல். "மூணு!" யாரோ சிரித்துக்கொண்டே சொன்னது. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போய், "பதினொண்ணு!" என்று ஒரு பொடிக்குரல் கீச்சிட்டது.

கடைசியாக, செம்பி மூன்று மழையாகக் காத்திருந்த அந்தக் குரல். "பன்னெண்டு. எல்லாரும் இருக்கோம், வெளியே வாங்க."

செம்பி சட்டென்று கரிச்சானைப் பார்த்தாள். அதன் அலகு மூடியே இருந்தது.

ஆசிரியரை உருவாக்கும் பள்ளி நல்லதா இல்லையா என்பதை, அவரை நம்பி எங்கோ தூரத்தில் இருக்கும் குட்டிகளிடம்தான் போய்ப் பார்க்கவேண்டும்.