அக்கா லைன்ல இருக்கா

அழாதடா கண்ணு. அம்மாவோட லைன் கட் ஆயிடுச்சு, அவ்வளவுதான். கோவிச்சுக்கிட்டா போனை வச்சா? ஆஸ்பத்திரியில டூட்டி, யாராவது நோயாளி கூப்பிட்டிருப்பாங்க. இப்படி வா, அப்பா பக்கத்துல படு. கதை சொல்றேன். ஆனா நீ 'ம்' கொட்டணும். இல்லைன்னா நான் சுவத்துக்குக் கதை சொன்ன மாதிரி ஆயிடும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. மழை எட்டிப் பார்க்காத கரிசக்காட்டு ஊரு. அக்கா பேரு முத்துப்பேச்சி, தங்கச்சி பேரு சுடலி. ரெண்டு பேருக்கும் அம்மா இல்ல, அப்பா இல்ல. அக்காவைத் தொலைவுல ஒரு தேயிலை மலைக்குக் கட்டிக் குடுத்துட்டாங்க. சுடலி அந்த மலையைக் கண்ணால பார்த்ததே இல்ல.

"ஏன் பார்க்கல?"

பஸ்ஸுக்குக் காசு வேணாமா? அப்புறம் ஒரு நாள் காலையில சுடலியோட போன் அடிச்சுது. ட்ரிங் ட்ரிங்! எடுத்தா அக்கா. "ஏட்டி சுடலி, எனக்கு வயிறு வலிக்கி. புள்ள இன்னைக்கே வந்துரும்போல இருக்கு. உங்க மச்சான் லாரியில தேயிலை ஏத்திட்டுப் போயிட்டாரு. தனியா இருக்கேன், பயமா இருக்குட்டி. பஸ்ஸைப் புடிச்சு வா. நான் லைன்லதான் இருக்கேன்..."

பொசுக்! சத்தம் நின்னுடுச்சு. அக்கா போன்ல சார்ஜ் இல்ல.

சுடலி என்ன நினைச்சா? லைன்னா போன் லைன். அக்கா லைன்ல இருக்கேன்னு சொல்லிட்டா, நாம வைக்கக் கூடாது. அவ்வளவுதான், போனைக் காதுல ஒட்டவச்சபடியே பஸ் ஏறிட்டா. "அக்கா... அக்கா... இருக்கியா?" பஸ் மலையில ஏறுது. உர்ர்ர், உர்ர்ர்! அந்த வளைவு, இந்த வளைவு. எல்லாரும் கம்பியைப் புடிச்சுக்கறாங்க, இவ போனைப் புடிச்சுக்கறா.

கண்டக்டர் சொன்னாரு, "யாரும்மா லைன்ல? பஸ் ஏறுனதுலருந்து நீ ஒருத்திதான் பேசறே, அந்தப் பக்கம் ஊமையா?"

"எங்க அக்கா. லைன்லதான் இருக்கேன்னு சொன்னா."

"போன் கறுப்பா கிடக்கு. அதுல எந்த லைனும் இல்ல."

பாவம், சுடலிக்கு அப்பத்தான் போனை இறக்கத் தோணுச்சு. பயம் முதல்ல வந்துச்சா, வெக்கம் முதல்ல வந்துச்சா, எனக்குத் தெரியல. ரெண்டும் சேர்ந்துதான் வந்திருக்கும்.

அப்புறம் மலை மேல இறங்கினா. குளிரு, வெடவெடன்னு நடுங்குறா. ஒரு டீக்கடைக்காரர்கிட்ட ஓடிப் போய், "அண்ணே, எங்க அக்கா லைன்ல இருக்கா, எங்கண்ணே லைனு?"ன்னா.

அவரு டீயை ஆத்திக்கிட்டே கையை நீட்டினாரு. "அந்தா தெரியுதுல்ல, ரேஷன் கடை? இன்னைக்கு ஊரே லைன்லதான் நிக்குது."

ஓடினா. நீ...ளமா ஒரு வரிசை. சுடலி ஒவ்வொரு மூஞ்சியா எட்டிப் பார்த்துக்கிட்டே முன்னால போறா. விடுவாங்களா?

"ஏ பொண்ணு, லைன்ல வா! நாங்கள்லாம் பனியில வந்து நிக்கிறோம்."

"எனக்கு அரிசி வேண்டாங்க, அக்காதான் வேணும்!"

"எல்லாரும் இப்படித்தான் சொல்லி முன்னால போறீங்க!"

ஒரு பெரியம்மா, பேரு மரியபாக்கியம், அவளைத் தோளைப் புடிச்சுத் திருப்பிக் கடைசியில கொண்டு போய் நிறுத்திடுச்சு. அக்கா அங்க இல்ல. சிரிக்காதே கண்ணு. தூரத்துலருந்து கேட்டா சிரிப்பு, பக்கத்துல நின்னு பார்த்தா அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி.

"ம்... அப்புறம்?"

அப்புறம் ரோட்டோரமா ஒரு ஆள், தோள்ல கயிறு, இடுப்புல குறடு. அருளப்பன்னு பேரு. அவரு அந்த மலைக்கே லைன்மேன், கரண்ட் கம்பி பார்க்கிறவரு. சுடலி மூச்சு வாங்க ஓடிப்போய், "அண்ணே! எங்க அக்கா லைன்ல இருக்கா! வலிக்குதுன்னு கத்தினா, அப்புறம் சத்தமே இல்லண்ணே!"

அருளப்பனுக்கு ரத்தமே உறைஞ்சுடுச்சு. "லைன்லயா? ஐயோ! எந்த லைன்ல?"

"தெரியலண்ணே!"

தடதடதடன்னு ஓடினாரு. டிரான்ஸ்பார்மர் பக்கத்துல இருந்த கைப்பிடியைப் புடிச்சு இழுத்தாரு. டபார்! மலை பூரா கரண்ட் போச்சு. தேயிலை ஃபாக்டரி மிஷின் க்ர்ர்ர்... ர்ர்... ர்னு நின்னுச்சு. ரேஷன் கடை பில் மிஷின் டிங்னு செத்துச்சு. வரிசையில நின்னவங்க எல்லாம், "யாருப்பா லைனை ஆஃப் பண்ணது?"ன்னு சத்தம் போட்டாங்க.

"எந்தக் கம்பத்துலம்மா மாட்டியிருக்கா?"ன்னு கேட்டாரு அருளப்பன்.

"கம்பத்துல ஏன் மாட்டணும்? புள்ளத்தாச்சிண்ணே அவ. புள்ள பொறக்கப் போவுது!"

அவரு அவளையே பார்த்தாரு. அப்புறம் பொத்துனு கல்லு மேல உக்காந்துட்டாரு. "அட ஆண்டவரே. நீ சொல்றது வீட்டு லைனு! தேயிலை பறிக்கிறவங்க குடியிருக்கிற வீடு இருக்கே, ஒட்டி ஒட்டி ரயில் பெட்டி மாதிரி, அதுக்குப் பேரும் லைன்தான். எந்த லைன்மா? பழைய லைனா, பள்ளத்து லைனா, ஆத்து லைனா?"

சுடலிக்கு அதுவும் தெரியாது. அப்பத்தான் அவரு ஒரு கேள்வி கேட்டாரு, காலையிலருந்து ஒருத்தருமே கேட்காத கேள்வி.

"என்ன கேட்டாரு?"

"உங்க அக்கா பேரு என்ன?"

பார்த்தியா, அவ பேரையே சொல்லல. எங்க அக்கா, எங்க அக்கான்னுதான் சொல்லிட்டிருந்தா. நானும் யோசிச்சிருக்கேன், ஏன்னு. நமக்கு அக்கான்னா ஊருக்கே அவ அக்கான்னு நினைச்சுக்கறோமோ என்னவோ.

"முத்துப்பேச்சி!"ன்னா.

அருளப்பன் ரேஷன் வரிசையோட கடைசி ஆள்கிட்ட கேட்டாரு. அவரு முன்னால நின்னவங்களைக் கேட்டாரு. முத்துப்பேச்சி... முத்துப்பேச்சி... முத்துப்பேச்சி... கம்பியில கரண்ட் ஓடற மாதிரி அந்தப் பேரு வரிசையில ஓடுச்சு. எல்லா லைன் வீட்டுக்காரங்களும் அங்கதானே நிக்கிறாங்க! ஓடி ஓடி, மரியபாக்கியம் பெரியம்மாகிட்ட வந்து நின்னுச்சு.

"ஐயோ, நம்ம ஆத்து லைன் பேச்சியா? எல்லாரும் இங்க வந்துட்டோம், அங்க யாருமே இல்லையேடி!"

அரிசிப் பையை அப்படியே போட்டுட்டு ஓடுச்சு பெரியம்மா. அது பின்னால இன்னும் நாலஞ்சு பொம்பளைங்க. தேயிலைக்கு நடுவுல ஒத்தையடிப் பாதை, ஒருத்தர் பின்னால ஒருத்தர்தான் போக முடியும். கடைசியில சுடலி. மிஷின் சத்தம் நின்னு போயிருந்துச்சுல்ல, அதனால பாதி வழியிலயே கேட்டுச்சு. "அம்மாஆஆ..."ன்னு. அக்கா குரல்!

ஆத்து லைன்ல கடைசி வீடு. உள்ள பாயில அக்கா, வேர்த்துக் கொட்டுது. சுடலியைப் பார்த்ததும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "எங்கட்டி போயித் தொலைஞ்ச? லைன்லதான் இருக்கேன்னு சொன்னேன்ல!"

"நீ ஒரு லைன்ல இருந்த. நான் எல்லா லைன்லயும் நின்னுட்டு வாரேன்க்கா."

"சிரிக்க வைக்காத சனியனே, வலிக்கி!"ன்னு அவ கையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. விடவே இல்ல.

"ம்..."

அப்போ மேல டிரான்ஸ்பார்மர் பக்கத்துல ஃபாக்டரி மேனேஜர் குதிக்கிறாரு. "ஏய் அருளப்பா, இலையெல்லாம் வீணாப் போகுது, லைனைப் போடு!" அருளப்பன் கைப்பிடியை விட்டு நகரல. மிஷின் ஓடினா கீழருந்து கத்துறது கேட்காதே. லைன்மேனுக்கு ஒரு சட்டம் உண்டு. ஆள் லைன்ல இருக்கும்போது கரண்ட் குடுக்கக் கூடாது. இறங்கியாச்சுன்னு சேதி வரணும். அது அந்த மலையில எல்லாருக்கும் தெரியும்.

"ஆள் இன்னும் லைன்லதான் சார் இருக்கா"ன்னாரு.

பொய்யா அது? ஒரு விதத்துல நிசம்தான்.

பெரியம்மா ஆளனுப்பிச் சொல்ல, சுத்துப் பாதையில எஸ்டேட் ஆஸ்பத்திரி ஜீப் வந்துச்சு. அக்காவைப் பூ மாதிரி தூக்கி ஏத்தினாங்க. உடனே மரியபாக்கியம் பெரியம்மா பாதையில நின்னு, "ஆள் லைனை விட்டு இறங்கியாச்சேஏஏ!"ன்னு கத்துச்சு. மேட்டுல ஒருத்தர் அதைக் கேட்டுக் கத்தினாரு, அதுக்கு மேல இன்னொருத்தர். வாய் வாயா ஏறி அருளப்பன்கிட்ட வந்துச்சு. டபக்! விளக்கெல்லாம் ஒண்ணொண்ணா முழிச்சுக்கிச்சு. ஜீப் ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல "ங்ஙா... ங்ஙா..." சுடலி கையில ஒரு பொம்பளைப் புள்ள.

"அப்பா... அம்மாவும் லைன்ல இருக்காளா?"

இருக்கா கண்ணு. நமக்குத்தான் கேட்கல. நான் சொல்றது சரியான்னு தெரியல, ஆனா அப்படித்தான் தோணுது.

"..."

'ம்' காணோம். சரி. புள்ளயும் வந்தாச்சு, கரண்டும் வந்தாச்சு, கதை லைனை விட்டு இறங்கியாச்சு. நீயும் தூங்கு.

அட, போன் மின்னுது, உங்க அம்மாதான். ஷ்ஷ்... ஆங், சொல்லும்மா. இப்பத்தான் தூங்கினா. இல்ல, வச்சுடாதே. அவ காதுகிட்ட வைக்கறேன், நீ பேசு. 'ம்' கொட்ட மாட்டா, ஆனா லைன்லதான் இருக்கா.