கட்டிப்போட்ட கட்டில்

ராஜாக்கள் நினைத்ததெல்லாம் சட்டமாக இருந்த முன்னொரு காலத்தில், செம்பியராயர் என்ற ராஜாவுக்குத் தலைமுடி கொட்டத் தொடங்கியது. அள்ளி முடிந்தால் தேங்காய் அளவு இருந்த கொண்டை எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. கொண்டையில் பொருந்தி நின்ற மகுடம் புருவத்துக்கு இறங்கியது. அதைத் தூக்கிவிட்டுத் தூக்கிவிட்டே ராஜாவுக்குக் கை ஓய்ந்துபோயிற்று.

பார்த்தார் ராஜா. பிறர் தலையைப் பார்த்தாலே அவருக்கு வயிறு எரிந்தது. "இனி என் கண்ணில் ஒருவர் முடியும் படக்கூடாது. சபையில் எல்லோரும் தலைப்பாகை கட்ட வேண்டும்!" என்று உத்தரவு போட்டார். பிரதானியான தலைமை மந்திரி வரகுணர் எல்லோரையும் முந்திக்கொண்டு பெரிய தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு வந்தார். அடேயப்பா, வாசலில் அவர் பக்கவாட்டாகத்தான் நுழைய வேண்டியிருந்தது.

அந்த வரகுணருக்கு, சபையைச் சிரிக்கவைக்கும் விகடர் உலகுடையாரைக் கண்டால் ஆகாது. உலகுடையாரின் உயிர்த் தோழன் அரண்மனை நாவிதன் மருதையன். தோழன் மேல் கை வைத்தால் விகடருக்கு வலிக்கும் என்று கணக்குப் போட்டார் பிரதானி. மருதையன் வீட்டைச் சோதனை போட்டு ஓர் ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து சபையில் கவிழ்த்தார். பன்னிரண்டு துணிப்பொட்டலம். ஒவ்வொன்றிலும் ராஜாவின் முடி!

"சூனியம் வைத்திருக்கிறான், பெருமானே! இதைவிட என்ன சாட்சி வேண்டும்?" என்றார்.

மருதையன் கட்டிவைத்தது சூனியத்துக்கு இல்லை. ராஜாவின் முடி யார் காலிலும் மிதிபடக்கூடாது. மாதம் ஒரு பொட்டலமாகக் கட்டிவைத்து, ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட வேண்டும். அவன் அப்பன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். ஆனால் தன் தலையிலிருந்து விழுந்த முடி எங்கே போகிறது என்று எந்த ராஜா விசாரித்தார்?

தோழனுக்காக எழுந்து நின்ற உலகுடையாரை ராஜா பார்த்தார். "உம் தோழன் குற்றமற்றவன் என்றால், என் முடி உதிரக் காரணமானவரைக் கட்டிக்கொண்டுவந்து மூன்று நாளில் இங்கே நிறுத்தும். தவறினால் மருதையனின் வலது கையை வெட்டுவோம்."

வலது கை! கத்தி பிடிக்கிற கை. சிறையில் உட்கார்ந்து மருதையன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை போனால் பிழைப்பு போகும். அதைவிட, சூனியக்காரன் என்ற பேச்சு பிள்ளைகளையும் விடாதே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அப்போதுதான் உலகுடையார் வந்தார்.

"அழுகையை அப்புறம் வச்சுக்கலாம், முதல்ல இதைச் சொல்லு. ராஜா முடி நடுவுல ஒடிஞ்சு வந்துதா, வேரோட வந்துதா?"

"வேரோடதாங்க. ஒவ்வொண்ணு அடியிலயும் வெள்ளையா ஒரு பொட்டு. பிள்ளை பெத்தவளுக்கு மூணாம் மாசம் கொட்டுமே, அதே மாதிரி."

"அட பாவி! இதை ஏன்டா சபையில சொல்லல?"

"ராஜாவைப் பார்த்துப் பிள்ளை பெத்தவ மாதிரின்னு சொல்லச் சொல்றீங்களா சாமி?"

உலகுடையார் சிரித்துவிட்டார். பிறகு நெடுநேரம் யோசித்தார். ராஜா பிள்ளை பெறவில்லை. ஆனால் உடம்பு அந்த அளவுக்கு ஆட்டம் கண்டது எப்போது?

மூன்றாம் நாள் சபை கூடியது. மருதையனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.  உலகுடையார் வந்தார். அவருக்குப் பின்னால் ஆறு ஆட்கள், கால் நான்கிலும் சங்கிலி பூட்டிய ராஜாவின் தேக்குக் கட்டிலைச் சுமந்துகொண்டு வந்தார்கள்.

"என்ன கூத்து இது?" என்று சீறினார் ராஜா.

"கட்டிக்கொண்டுவரச் சொன்னீர்கள், கட்டிக்கொண்டுவந்திருக்கிறேன். தை மாதத்தில் தங்களை இருபது நாள் எழுந்திருக்க விடாமல் பிடித்துவைத்தது இதுதான். கடுங்காய்ச்சல், கஞ்சித்தண்ணீர், வேறு ஆகாரம் இல்லை. உடம்பு உயிரைக் காப்பதா, முடியைக் காப்பதா? இதோ, மருதையனின் பொட்டலங்கள். ஆடியிலிருந்து பங்குனிவரை சுண்டுவிரல் கனம். சித்திரை முதல் ஆனிவரை மாங்காய் கனம். நடுவில் மூன்று மாதம். உடம்புக்கு அடி பட்டது தையில், முடி விழத் தொடங்கியது சித்திரையில்."

வரகுணர் குதித்து எழுந்தார். "கேலிப்பேச்சு! அந்தத் தையில் அரண்மனையில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். அவர்களுக்கும் கொட்டியிருக்க வேண்டுமே?"

"பிரதானியார் கேட்டதுதான் கேள்வி! தையில் படுத்தவர்கள் தலைப்பாகையை எடுங்கள்."

சமையல்காரர் எடுத்தார், வாயில்காவலர் எடுத்தார். எல்லாம் அறுவடையான வயல். வரகுணர் மட்டும் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வரகுணரே, நீரும்தானே படுத்திருந்தீர்? எடும்" என்றார் ராஜா.

எடுத்தார். பாவம், மண்டை தெரிந்தது. மருதையன் கை படாத தலை அது. அவருக்குத் தனி நாவிதன். அப்படியானால் அங்கே சூனியம் வைத்தது யார்?

ராஜா சிரிக்க வாயெடுத்தார். அதற்குள் வாசலோரம் கூட்டுமாறோடு நின்ற வேலைக்காரி சிலம்பாயியும் முக்காட்டை எடுத்துவிட்டாள். உத்தரவு தனக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வகிடு உள்ளங்கை அகலம் இருந்தது.

"எனக்குக் காய்ச்சல் இல்லீங்க. சும்மாவே கொட்டுது" என்றாள் மெதுவாக.

உலகுடையார் மருதையனைத் திரும்பிப் பார்த்தார். மருதையன் அவளருகே போய்க் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தான். உள்ளே வெளுப்பு. "பச்சரிசி மெல்லணும்னு ஆசை வருதா தாயி? நாலு படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"ஆமாய்யா. ஒருவேளைச் சோறுதான். மிச்சம் பிள்ளைங்களுக்கு."

"ரத்தம் சுண்டிப்போச்சு ராசா. தலை கொட்டுனா தலையை மட்டும் பார்த்தா ஆகாதுங்க. சிலருக்குக் காய்ச்சல், சிலருக்குப் பசி, சிலருக்குக் கழுத்துல வீக்கம், சிலருக்கு அப்பன் சொத்தா வந்த வழுக்கை. உடம்பு உள்ளே ஏதோ சொல்லுது. நாம சூனியத்தைத் தேடுறோம்."

 ராஜா மருதையனின் வலது கையைப் பார்த்தார். இந்தக் கையையா வெட்ட இருந்தோம் என்று நினைத்துக்கொண்டார். ராஜவைத்தியரைக் கூப்பிட்டு, சிலம்பாயியைக் கவனித்து மருந்து கொடுக்கச் சொன்னார். அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் அரண்மனை அடுக்களையில் மூன்று வேளையும் சாப்பாடு என்றார். பிறகு மகுடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"தப்பு என்மேல்தான், மருதையா. சீவி விடு."

மருதையன் நெற்றியோரம் விரல் வைத்தான். சொரசொரவென்று குத்தியது. மறுபடி தடவிப் பார்த்தான். "முளைக்குது ராசா! புது முடி முளைக்குது!"

இப்போது ராஜா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"உலகுடையாரே, இந்தக் கட்டிலுக்கு ஆயுள் தண்டனை. உம் வீட்டில் காவலில் வையும். தப்பிப் போகாதபடி தினமும் மேலே ஏறிப் படுத்துக்கொள்ள வேண்டியது உம் பொறுப்பு."

"உத்தரவு, பெருமானே! இன்று மதியமே காவலைத் தொடங்குகிறேன்" என்றார் உலகுடையார்.

கட்டிலைத் தூக்க அந்த ஆறு ஆட்களும் வந்தார்கள். தலைமாட்டுப் பக்கத்தைப் பிரதானி வரகுணரே தூக்க வேண்டும் என்று ராஜா சொல்லிவிட்டார். பாரம் தலையில் அழுத்தாமல் வைக்கச் சும்மாடு வேண்டுமே என்று தேடினார்கள். பிரதானியின் தலைப்பாகை சரியாக இருந்தது.